சுட்டவருக்கு ஒரு கைதட்டல்

இசக்கிமுத்து அம்மாவுக்கு ஸ்பானிஷில் ஐந்தே ஐந்து வாக்கியங்கள்தான் அனுப்பியிருந்தான். “லுசியா வீட்ல ஞாயித்துக்கெழமன்னா கரியடுப்பச் சுத்தித்தான் மொத்தக் குடும்பமும் இருக்கும். மாமனாரு இடுக்கிய எங்கையில குடுத்துட்டாரு, இப்ப நாந்தான் கறி சுடுதேன். அதப் பத்திப் பேசத் தெரிஞ்சாப் போதும்மா, ஒன்ன விடவே மாட்டாக” என்று குரல்பதிவில் சிரித்தான். அர்ஜென்டினா மருமகள் லுசியாவை நேரில் பார்க்கப்போகும் ஆசையில் செண்பகவல்லி மீன் ஆயும்போதெல்லாம் அவற்றையே முணுமுணுத்தாள். தீ போதும். இன்னும் கொஞ்சம் வேகட்டும். எனக்கு ஒரு துண்டு. ரொம்ப ருசி. ஐந்தாவது, சாப்பிட உட்கார்ந்ததும் அங்கே எல்லோரும் சொல்லிக் கைதட்டுவது: சுட்டவருக்கு ஒரு கைதட்டல்.

விசா வருவதற்குள் நெஞ்சுவலியில் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அடக்கமும் அங்கேயே முடிந்தது.

பதினாறாம் நாள், கனலில் சுட்ட கறியைப் படையலில் வைத்துவிட்டு லுசியாவைப் போனில் வீடியோவில் அழைத்தாள். அங்கே அணைந்த கரியடுப்பருகே லுசியாவின் குடும்பமே நின்றிருந்தது. கடைசியில் தண்ணி கேட்டானா, என்னைத் தேடினானா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்கெல்லாம் அவளிடம் ஸ்பானிஷ் வார்த்தை இல்லை.

“உன் அப்லாவுசோ பாரா எல் அசாதோர்” என்று ஐந்தாவதைச் சொன்னாள்.

லுசியா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய அப்பா மெல்லக் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

“எழவு வீட்ல என்ன மதினி இது?” என்று நாத்தனார் பதறினாள்.

செண்பகவல்லி போனை மகன் படத்தின்மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தானும் தட்டத் தொடங்கினாள்.