ஆட்டுத்தோல் தொப்பி

டெஹ்ரானில் எங்கள் கட்சிக்கு விதி ஒன்றுதான்: கறுப்பு ஆட்டுத்தோல் தொப்பியை எவன் முன்னாலும் கழற்றக் கூடாது. அறைக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றுவது ஐரோப்பியர் பழக்கம்.

அன்று, கட்சிப் பத்திரிகைக்குக் காகிதம் கொடுக்கும் ஐரோப்பியத் தூதரகத்தின் கார் கட்சி அலுவலக வாசலில் வந்து நின்றது. செயலாளர் ஹிதாயத்துல்லா எழுந்து தொப்பியைக் கழற்றினார். நாங்களும் கழற்றினோம்.

உள்ளே வந்த வெள்ளைக்காரர் தலையில் புத்தம்புது ஆட்டுத்தோல் தொப்பி. அவர் அதைக் கழற்றவில்லை.

“நீங்கல்லாம் ஏன் கழட்டிட்டீங்க?” என்று சுத்தமான பாரசீகத்தில் கேட்டார்.

ஹிதாயத்துல்லா தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “நீங்க சொன்னா போட்டுக்கறோம் ஐயா.”

வெள்ளைக்காரர் தேநீரை எடுத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். தொப்பிகள் எங்கள் மடியிலேயே இருந்தன.