தணிகாசலத்தின் விரல்

மொட்டை மாடித் தொட்டிக்குள் ஓர் அவரை விதை கோபத்தில் குமுறிக்கொண்டிருந்தது. தோட்டம் போட்டால் ரத்த அழுத்தம் குறையும் என்று டாக்டர் சொன்னதால் அதை ஊன்றிய தணிகாசலம், முளைத்துவிட்டதா என்று தினமும் காலையில் விரலால் தோண்டிப் பார்த்தார்.

“இன்னிக்கும் என் வேர் நுனியை ஒடிச்சுட்டாருண்ணே!” என்றது விதை.

“சித்திரையில வெண்டை, ஆடியில கத்தரி, எல்லாம் அந்த விரலாலதான் போய்ச் சேர்ந்துது,” என்றது மண்புழு.

“அவர் உடம்பு தேற நான் சாகணுமா? இன்னொரு தடவை தோண்டினா என் கதை முடிஞ்சுது!”

அன்று மாலை ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் தணிகாசலம் மாடிப்பக்கமே வரவில்லை. விதை வைராக்கியமாக வேர்விட்டு, மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வந்தது.

ஐந்தாம் நாள் இரண்டு இலைகளைக் கண்ட தணிகாசலம் பூரித்துப்போய் டாக்டருக்குப் போன் போட்டார். “தினமும் பார்த்துப் பார்த்து வளர்த்தேனாக்கும்! மனசே லேசாயிடுச்சு!”

“கேட்டியாண்ணே, இந்த அநியாயத்தை!” என்று துடித்தது அவரைச் செடி.

தணிகாசலத்தின் விரல், மிளகாய் விதை ஊன்றியிருந்த பக்கத்துத் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அவரைச் செடி வானத்தைப் பார்த்துக் கத்தியது: “ஏ மழையே, எங்கே போய்த் தொலைஞ்சே? திரும்பி வா!”