உதிர்த்த புகையிலை

முறத்தைப் புருஷன் முன்னால் நீட்டியபோது விஜயராணிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாருங்க. மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னால கெடந்துச்சு. அம்புட்டையும் உதுத்துக் கொட்டிருக்கான்."

முறத்தில் புகையிலைத் தூள். கருகாத, புதுத் தூள்.

"உங்க மகன் சிகரெட்ட விட்டுட்டான்."

ஆடியிலிருந்து அவள் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பது இதற்காகத்தான்.

அவன் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தான்.

பெட்டிக்கடைக்காரன் அவன். இந்தத் தூளை அவனுக்குத் தெரியும். கடைக்குப் பின்னால், டிரான்ஸ்பார்மருக்குக் கீழே, தினமும் பெருக்கித் தள்ளுகிறான். பையன்கள் வந்து சிகரெட் வாங்குவார்கள். நெருப்பு கேட்க மாட்டார்கள். விரலிடுக்கில் வைத்து உருட்டி உருட்டித் தூளைக் கொட்டுவார்கள். வெறும் குழலில் கஞ்சாவை அடைப்பார்கள்.

எவன் பெத்த பிள்ளைகளோ என்று அவன் தலையில் அடித்துக்கொள்வான். சிகரெட்டை மட்டும் விற்றுவிடுவான்.

மகன் சரண் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அவன் சட்டையில் சிகரெட் வாடை வந்தது. அவள் கத்தித் தீர்த்தாள். இவன்தான் அவளை அடக்கினான்.

"நம்ம கடையில இருக்கறத எடுத்துக் குடிச்சிட்டுப் போறான், விடு. ரொம்பப் பிடிச்சு இழுத்தா வேற கண்டதுக்குப் போயிருவான்."

வேற கண்டது.

இன்று காலையில்கூட சரண் கடையில் இரண்டு சிகரெட் உருவிக்கொண்டு போனான்.

மேலே செருப்புச் சத்தம். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தது.

"போன் பேசிட்டு இருக்கான். நான் ஒண்ணும் கேக்கல. கூச்சப்படுவான்."

அவன் உட்கார்ந்தான். எழுந்தான். வேட்டியை அவிழ்த்துக் கட்டினான். மின்விசிறியைப் போட்டான், அணைத்தான்.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

பயமாக இருந்தது. மகனை நினைத்தும், அவளை நினைத்தும்.

"பிள்ளையே விட்டுட்டான். நீங்களும் விடக் கூடாதா?"

சட்டைப் பையில் ஒன்று இருந்தது. எடுத்தான். விரல்கள் தாமாகவே உருட்டின. தூள் மகனுடைய தூளின்மேல் விழுந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் மாடிப்படியில் கால் வைத்தான். மேலே நடை நின்றது.

"திட்டிராதீங்க" என்றாள் பின்னாலிருந்து. "ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினான்.

வெறும் காகிதக் குழல் இன்னும் அவன் விரலிடுக்கில் இருந்தது. அதோடு ஏறினான்.