நுனியிலிருந்து

"ஐயோ, வலிக்குது!"

"ஆடாம உட்காருங்க. காய்ஞ்ச சுருட்டைமுடியை வீட்ல வேர்லேருந்து சீவினா சிக்கு விழாம என்ன செய்யும்?" கானாவின் குமாசி நகரில் சலூன் வைத்திருக்கும் செர்வா, தண்ணீர் தெளித்து, ஷியா வெண்ணெய் தடவி, நுனியிலிருந்து சிக்கெடுத்தாள்.

"ஸ்கூலுக்காக இத்தனை வருஷம் ஒட்ட வெட்டியே இருந்தேன். இப்போ ஸ்கூல் முடிஞ்சுதுன்னு ஆசையா வளர்த்தா, பாத்துக்கத் தெரியலை. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் பின்னல் போட்டுட்டுப் போகணும். சிக்கு போகலேன்னா வெட்டிடலாம், செர்வா."

செர்வாவின் கை நின்றது. பள்ளியில் சேர்ந்த அன்று, மாணவிகள் முடி வளர்க்கக் கூடாது என்ற விதிப்படி வெட்ட வந்தபோது அவள் கதறி அழுதாள். "முதல்ல எனக்கு வெட்டுங்க" என்று அவளருகே வந்து உட்கார்ந்து வெட்டிக்கொண்டு, அன்றிலிருந்து ஓய்வுபெறும்வரை முடியே வளர்க்காத தலைமையாசிரியைதான் இப்போது இந்த நாற்காலியில் இருப்பவர்.

"எனக்காகப் போன முடி, மேடம். இன்னொரு தடவை வெட்ட விடுவேனா?"