பெரியவரை நிறுத்தும் தீர்மானம்

“ஜூலை பதினேழு, புதன்கிழமை. காலையிலேருந்து விடாத தூறல். எழுதிட்டீங்களாம்மா?” என்று கேட்டார் தலைவர்.

“மழையையுமா சார் எழுதணும்?”

“பின்னே? வராதவங்களுக்கு ஒரு காரணம் வேணும்ல?”

பொறியாளர் எழுதிக்கொண்டார். சர்வர் அறையின் பொறுப்பை அவர் ஏற்றுப் பதினெட்டு நாள்களே ஆகியிருந்தன. ‘பழைய சேவைகள் மறுஆய்வு உட்குழு’வில் அவருக்கு இதுவே முதல் கூட்டம். மேசையைச் சுற்றி மூவர் மட்டுமே இருந்தனர்: கணிதத் துறையின் தலைவரும் இக்குழுவின் தலைவருமான பேராசிரியர், நூலகர், பொறியாளர். வாயிலருகே, மனுவை மடியில் வைத்தபடி, தாவரவியல் ஆய்வாளர் ஒருத்தி அமர்ந்திருந்தாள். அவள் பொறியாளரின் நாத்தனார்.

அப்பல்கலைக்கழகத்தில் கணினி தொடர்பான எதற்கும் ஒரு குழு உண்டு. இணையதளத்துக்கு ஒன்று, கடவுச்சொல்லுக்கு ஒன்று, அவ்விரண்டும் சண்டையிட்டால் சமாதானம் செய்ய இன்னொன்று. எது எதற்குக் கீழே வருகிறது என்று அறியும் ஆவல் பொறியாளரைப் பிடித்து ஆட்டியது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைந்தே வைத்திருந்தார்.

“சார், நம்ம குழு யாருக்குக் கீழ வருது?”

“தொழில்நுட்பப் பேரவைக்கு.”

“தரவுக் குழுவுக்குத்தானே?” என்றார் நூலகர்.

“அது போன வருஷம் வரைக்கும்.”

“அப்போ இந்த வருஷம்?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விஷயத்துக்கு வருவோமே.”

விஷயம், பெரியவர். சர்வர் அறையின் மூலையில் பதினான்கு ஆண்டுகளாக உறுமிக்கொண்டிருக்கும் பழைய சர்வருக்கு அங்குள்ளோர் இட்ட செல்லப்பெயர் அது. இன்று மாலை நான்கு மணிக்கு அதை நிறுத்திவிட வேண்டுமென்று சென்ற மாதக் கூட்டம் தீர்மானித்திருந்தது. மறுப்பு உடையோர் இன்று வந்து சொல்லலாம்.

நாத்தனார் எழுந்தாள். “பதினோரு வருஷமா தினமும் நாத்துகளைப் படம் எடுத்து வெச்சிருக்கேன் சார். எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. வேற எங்கயும் இல்லை.”

“தினமும் அதே நாத்தா? அதுல என்ன தெரியும்?”

“மழை தள்ளிப்போற வருஷத்துல சில நாத்து முன்னாடியே இலையைச் சுருட்டிக்குது சார்.”

“அடடே! மழை வராதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“அதைக் கண்டுபிடிக்கத்தான் பதினோரு வருஷம்!”

தலைவர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். நூலகரும் பேனாவைக் கீழே வைத்தார்.

“நகல் எடுத்துக்க வேண்டியதுதானே?” என்றார் நூலகர்.

“அது போற வேகத்துக்கு இன்னும் மூணு வாரம் ஆகும். ஒரு தடவை நிறுத்திட்டா திரும்ப எழும்பவே எழும்பாதுன்னு அண்ணி சொல்றாங்க.”

“எந்த அண்ணி?”

“நான்தான் சார்,” என்றார் பொறியாளர்.

“அப்போ நீங்க ஓட்டுப் போடக் கூடாது. குடும்பப் பாசம் உள்ள வரக் கூடாது.”

“பாசமா? எங்க வீட்டுக்கு ஒரு நாள் வந்து பாருங்க சார்,” என்றாள் நாத்தனார்.

அறை சிரித்து அடங்கியது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

“கேக்க நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா எனக்குத் தெரிஞ்சு இந்தக் குழு ஒத்திவைக்காம எடுத்த முதல் தீர்மானம் இதுதான். அதையும் விட்டுட்டா நம்ம மரியாதை என்ன ஆகும்?”

தலைவர் கை தூக்கினார். நூலகர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தூக்கினார். மறுப்பு தள்ளுபடியானது.

நான்கு மணிக்குச் சர்வர் அறையில் அண்ணியும் நாத்தனாரும் மட்டுமே நின்றனர்.

“அண்ணி, கையை வெக்காதீங்க. உங்க கால்ல விழறேன்.”

“நான் என்னடி பண்ணட்டும்? உத்தரவை மீறினா பத்தொன்பதாவது நாளே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

சொல்லிக்கொண்டே பொறியாளர் நிறுத்தப் பதிவேட்டைத் திறந்தார். தீர்மான எண்ணைக் குறிக்காமல் எந்தச் சர்வரையும் நிறுத்தக் கூடாது என்பது அறையின் விதி. எண்ணைக் கேட்டுப் பதிவாளர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு கை சுவிட்சின் மேல் இருந்தது.

“குழுவோட பேரை இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றார் எழுத்தர். நெடுநேரம் தாள்கள் புரளும் ஓசை கேட்டது. “அதைக் கலைச்சு ஆறு வருஷமாச்சேம்மா! இல்லாத குழுவோட தீர்மானத்துக்கு நான் எப்படி எண் குடுக்கிறது? அது செல்லாதும்மா.”

“மாசாமாசம் கூட்டம் நடக்குதே! இப்போ நேரா அங்கேருந்துதான் வர்றேன்.”

“அப்படியா? யாரு கூட்டறாங்க?”

எத்தனையோ கேள்வி கேட்ட பொறியாளர், இந்த ஒன்றை மட்டும் கேட்டதே இல்லை. கைப்பேசியில் அழைப்பு மடலைத் தேடித் திறந்தார். கணிதத் துறைத் தலைவருக்கு, நூலகருக்கு, சர்வர் அறைப் பொறுப்பாளருக்கு என்று பதவிகளின் பெயருக்கே அது வந்திருந்தது. யாரோ என்றோ பதிந்து வைத்து, அழிக்க மறந்துபோன தானியங்கி மடல். அனுப்பிய முகவரியில் ஆள் பெயர் எதுவும் இல்லை. ஒரு சர்வரின் எண் மட்டுமே இருந்தது. நிமிர்ந்து, எதிரே இருந்த பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எண்ணைப் படித்தார்.

தன்னை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்ட குழுவை ஆறு ஆண்டுகளாக மாதந்தவறாமல் கூட்டி வந்தவர், பெரியவரேதான். பொறியாளர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தபோது மணி மாலை நான்கு பதினேழு.