விழுந்த குச்சியும் குற்றமே

கரி மூட்டை சுவா சூ காங் பேட்டையில், வீட்டு வாசல் செருப்பு அலமாரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. கடலோரப் பூங்காவில் கூடாரம் அடித்து முடித்த பிறகுதான் சுந்தரேசனுக்கு அது தெரிந்தது.

"ரெண்டு கிலோ சிக்கனுக்கு நேத்தே மசாலா தடவி வெச்சேன். கரி ஒண்ணுதான் உங்க பொறுப்பு. அதையும் மறந்தாச்சு," என்றாள் அவர் மனைவி வசந்தகுமாரி. "சாயங்காலம் எங்கக்கா குடும்பம் வருது. பச்சையாவே சாப்பிடச் சொல்லவா?"

பூங்காக் கடைக்கு ஓடினார். பள்ளி விடுமுறை, கரி காலையிலேயே தீர்ந்துவிட்டதாம்.

திரும்பும் வழியில் சவுக்கு மரங்கள். முந்தின நாள் காற்றில் ஒடிந்த குச்சிகள், எடுத்துக்கொள் என்று சொல்வதைப்போலக் கிடந்தன.

சிங்கப்பூரில் நெருப்புக்கும் முகவரி வேண்டும். எண் போட்ட அடுப்புக்குழியில் மட்டும்தான் அது எரியலாம். அந்தக் குழியையும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். மரத்தை வெட்டக்கூடாது, அது நியாயம். ஆனால், தானாக விழுந்த குச்சியையும் பொறுக்கக்கூடாது. மரம் கைவிட்டாலும் சட்டம் கைவிடுவதில்லை.

இதெல்லாம் சுந்தரேசனுக்கு நன்றாகவே தெரியும். மாட்டினால் அபராதத்தோடு போகாது, வேலைக்கே உலை வைத்துவிடும் என்பதும் தெரியும். ஆனால் மனைவியின் அக்காவை நினைத்தார். தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, எதையோ தொலைத்தவர்போலக் குனிந்து குனிந்து நடந்தார். ஒரு கட்டு சேர்ந்தது.

"அங்கிள்! கையில என்னது?"

பச்சை மேலங்கி, இடுப்பில் வாக்கி டாக்கி, கறுப்புக் கண்ணாடி. ஆள் ஒரு தள்ளுவண்டியோடு நின்றிருந்தான். வண்டியில் ஏற்கெனவே பல குற்றவாளிகளின் விறகு குவிந்திருந்தது.

"குச்சி," என்றார் சுந்தரேசன். வேறு என்ன பெயர் சொல்வது?

"கீழ விழுந்தாலும் அது பார்க்கோட சொத்து, தெரியுமில்ல? பூச்சி, பல்லி, காளான் எல்லாத்துக்கும் அதுதான் வீடு. நீங்க ஒரு கட்டு தூக்கினா ஒரு அடுக்குமாடி பிளாக்கையே காலி பண்ற மாதிரி லா!"

ஓர் எழுத்துப் பிசகாத விளக்கம். சுந்தரேசனால் குறை சொல்ல முடியவில்லை. அடையாள அட்டையைக் காட்டு என்று கேட்க நாக்குத் துடித்தது. பதிலுக்கு உங்களுடையதைக் காட்டுங்கள் என்று அவன் கேட்டுவிட்டால்? இப்போதெல்லாம் ஒப்பந்த ஆட்கள் வேறு மாதத்துக்கு ஒருவராக மாறுகிறார்கள். யாரை என்னவென்று கேட்பது? தொப்பியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டார்.

"ஃபர்ஸ்ட் டைம், அதனால வார்னிங்கோட விடறேன். ஆனா எவிடென்ஸ் எனக்கு வேணும்."

எவிடென்ஸை அவன் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தான். டக்கென்று ஒடிந்தவை வண்டிக்குப் போயின. வளைந்தவை திரும்பி வந்தன.

"இதெல்லாம் ஈரம். இயற்கைக்கே திருப்பிக் குடுத்துடுங்க."

சுந்தரேசன் நன்றி சொன்னார். வண்டி மணலில் சிக்கியபோது பின்னாலிருந்து தள்ளியும் விட்டார்.

வெறுங்கையோடு வந்தவரை வசந்தகுமாரி ஏற இறங்கப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னார். "உங்களையா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டாள். பிறகு கோழியை மூடி வைத்துவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவ ஆரம்பித்தாள். அக்காவுக்கு அதுதான் விருந்து.

வெயில் சாய்ந்தபோது காற்றில், குச்சியில் குத்திச் சுடும் சாத்தே இறைச்சியின் வாசனை வந்தது. கூடவே பக்கத்துக் கூடாரத்து யும்னாவும் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, பச்சை வெஸ்ட் போட்ட ஆளு உங்ககிட்டயும் விறகைப் புடுங்கினானா? எங்ககிட்டயும்தான். கடைசிக் குழிக்கு வந்து பாருங்க!"

மூவரும் போனார்கள்.

கடைசிக் குழியில் தீ ஆளுயரத்துக்கு எரிந்தது. பச்சை மேலங்கி மரக்கிளையில் தொங்கியது. அதன் முதுகில் வீடு மாற்றித் தரும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர். அந்த 'அதிகாரி' பனியனோடு உட்கார்ந்து சாத்தேயை விசிறிக்கொண்டிருந்தார். வாக்கி டாக்கியின் மறுமுனை அவருடைய ஐந்து வயது மகளிடம் இருந்தது.

"நாளைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. கட்டை பத்தாது," என்றாள் அந்த 'அதிகாரி'யின் மனைவி.

யும்னா கொதித்தாள். "ஆபீசர் வேஷம் போட்டு ஊரையே ஏமாத்தியிருக்கான்! சும்மா விடக்கூடாது."

"விடும்மா," என்றார் சுந்தரேசன் அவசரமாக. "நாமளும் பொறுக்கினவங்கதானே? சொன்னா முதல்ல நம்மளைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும் அங்கிள். என் ஃபைனை நான் கட்டிக்கிறேன். இவன் மாட்டணும்."

வசந்தகுமாரி கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாதையோரம் அறிவிப்புப் பலகை இருந்தது. 'விதிமீறல் கண்டால் இப்பூங்காவின் அமலாக்க அதிகாரியை நேரடியாக அழைக்கவும்' என்று நான்கு மொழிகளில் எழுதி, கீழே எண் போட்டிருந்தது. யும்னா அதைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள்.

"வேணாம்மா, சொன்னாக் கேளு..." என்று சுந்தரேசன் கையை நீட்டுவதற்குள் அழைப்பு போய்விட்டது.

மறுகணம், சுந்தரேசனின் கால்சட்டைப் பைக்குள் அமலாக்க அதிகாரியின் கைப்பேசி கடமை தவறாமல் மணியடித்தது.