பச்சை மரக் கதவு

"இது கதவா? கோணல்மாணலா ஒரு பலகை!"

மருந்துக்கடைக்காரர் பட்டறை வாசலிலேயே நின்று கத்தினார். தெருவில் போன இரண்டு பேர் நடையைக் குறைத்துக்கொண்டார்கள்.

தச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாட்டி மூணு மாசம் ஆகலை. வெயில் ஏற ஏறச் சுருங்கி முறுக்கிக்கிச்சு. தாழ்ப்பாள் ஒரு பக்கம், அது போய் விழுற ஓட்டை ஒரு பக்கம். நடுவுல ஒரு விரல் இடைவெளி!"

"ஒரு விரல்தானா? ஒன்றரை இருக்கும்னு நினைச்சேன்."

"கிண்டலா? பச்சை மரம்தானே போட்டீங்க?"

"ஆமாங்க. அப்போ வெட்டி நாலு நாள்."

உள்ளே நின்ற தச்சரின் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுத்த பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி, நிழலும் காற்றும் பட ஒரு வருஷம் போட்டுவைத்துத்தான் உளியைத் தொடுகிற மனிதர். ஈரம் வற்றவில்லை என்று சொந்த மகளின் கட்டிலுக்கே எட்டு மாதம் காக்க வைத்தவர்.

"பள்ளிக்கூடத்து ஜன்னல் வேலைக்கு உங்களைத்தான் சொல்லியிருந்தேன். அதை மறந்துடுங்க. இதுக்கு வேற கதவு வரலைன்னா ஊர் பூரா உங்க பேரை நாறடிச்சிடுவேன்."

"வேற செஞ்சு தரேங்க."

கடைக்காரர் போனதும் அவள் வெளியே வந்தாள்.

"முப்பது வருஷம் சேர்த்த பேரு, மூணு நிமிஷத்துல போச்சு. தெரிஞ்சேவா பண்ணீங்க?"

"தெரிஞ்சுதான்."

"புத்தி பிசகிடுச்சா உங்களுக்கு?"

"அது அவரோட அப்பா ரூம் கதவு. வீட்டுக்கு ஆள் வந்தா பெரியவர் கூடத்துல வந்து உட்கார்ந்துக்கறாராம். இவங்களுக்குக் கௌரவக் குறைச்சலாம். தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைக்கச் சொன்னார்."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா வேற தச்சன்கிட்ட போவார். அவன் நல்லாக் காய்ஞ்ச மரத்துல செஞ்சு கொடுத்துடுவான்."

அவள் பலகை அடுக்கின் பக்கம் நடந்தாள்.

"மழை வந்தா மரம் திரும்ப ஊதுமே. அப்போ தாழ்ப்பாள் சேர்ந்துடாதா?"

"ஊதினா கதவு நிலைக்குள்ளேயே போகாது."

தச்சர் புதுக் கதவுக்காக அடுக்கிலிருந்து ஒரு பலகையை உருவினார். அவள் அதைத் தடவிப் பார்த்தாள்.

"இது வேணாங்க, பாதி காய்ஞ்சிருக்கு. பின்னாடி நேத்து இறக்கினது கிடக்கு பாருங்க, தொட்டா கை நனையுது."